வட வாயிலில் வாயிலார்

'வாயில்' என்னும் சொல் தமிழில் இருவகையாகப் பிரிந்து பொருள் தரும். இல்லின் வாய் எனப் பொருள்படும் 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்பது இலக்கணம். அது வீட்டின் திறப்பு, ஊரின் திறப்பு, நாட்டின் திறப்பு. அச் சொல்லையே 'வாய் இல்' எனப் பிரித்துரைத்தால், பேசும் வாய் அற்ற நிலையைக் குறிக்கும். திறப்பும் அடைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இவ் விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஊரொன்றைக் காண விரும்புவோர், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள எளாவூருக்குச் செல்லுதல் வேண்டும்.

சென்னையினின்று வடக்கே ஏறத்தாழ 30 கல் தொலைவில், கொல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ளது எளாவூர். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையே தொடர்வண்டி நிலையம் ஒன்றும் அதற்குண்டு. ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தடா, அது ஆந்திரம். சரக்குந்துகளை நிறுத்தி ஆராய்தற்கென்று அரசு எழுப்பிய ஒருங்கிணைந்த ஆய்வுச்சாவடியால்தான் அவ்வூர்ப் பெயர் வெளியிலுள்ளோர்க்குத் தெரிகின்றது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் காட்டிற்று. இருபதாம் நூற்றாண்டின் அரசியல் அவ் வெல்லையைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்து இங்கே நிறுத்திற்று. 1953 அக்தோபர் 1-இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் அவர்தம் தோழர்களும் வட எல்லைக்காகப் போராடினர். படாசுக்கர் பரிந்துரையின் வழி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்பிரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அதே சட்டத்தால் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சிற்றூர்கள் சில ஆந்திரத்திற்குப் போயின.

எல்லைக்கல் நட்டாயிற்று, கணக்கும் தீர்ந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் நாடு என்பது கல்லுக்கு உள்ளே கிடக்கும் மண் மட்டுமன்று. அம் மண்ணில் நிற்பவனின் குரலும் சேர்ந்ததே நாடு. எல்லைக்கு உள்ளே நிற்பவன் வாய் திறந்து பேசுகின்றானா, பேசினால் அவன் சொல் எங்கேனும் ஏறுகின்றதா என்னும் கேள்வி அன்றும் எழவில்லை. இன்றும் உரத்து எழவில்லை. எளாவூர்ச் சாவடியில் சரக்குகளுக்குரிய தாள்கள் ஆராயப்படும். அச் சாலை வழியே வந்தும் போயும் வாழ்ந்தும் தேய்ந்தும் கிடக்கும் மாந்தரின் குறையைக் கேட்டெழுத அங்கே ஒரு மேசையும் இல்லை.

இவ் வட வாயிலைச் சூழ்ந்து நால்வகை வாயிலார் வாழ்கின்றனர். செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்திற்குக் கட்டுண்ட இருளர் முதல் வகையினர். ஒடிசாவினின்று கொண்டுவரப்படும் சூளைத் தொழிலாளர் இரண்டாம் வகையினர். கும்மிடிப்பூண்டியில் ஏதிலியர் குடியிருப்பில் வாழும் ஈழத் தமிழர் மூன்றாம் வகையினர். நான்காம் வகையினரோ, தமக்கு வாய் உண்டென்று நம்பிக்கொண்டிருக்கும் தமிழகத் தமிழரே.

ஊமை யார்?

பேச இயலாதவனைப் பழந்தமிழ் 'ஊம்' என்றும் 'மூங்கை' என்றும் வழங்கிற்று. ஊமை என்பது இன்றைய வழக்கு. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் காட்டும் காட்சி ஒன்று உண்டு. ஞாயிறு காயும் வெம்பாறைமேல் வெண்ணெய் வைக்கப்பட்டுள்ளது. அதற்குக் காவலாக இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. வெண்ணெய் உருகுவதைக் கண்ணால் மட்டும் கண்டுகொண்டிருக்கின்றான். எடுத்து நிழலில் வைக்கவும் இயலாது. பிறரைக் கூவியழைக்கவும் இயலாது. காதல் நோயின் கொடுமையைக் காட்ட எழுந்த உவமை அது. எனினும் குரலற்ற நிலை என்பதற்கு அதனினும் தெளிந்த விளக்கம் வேறொன்று கிடைத்தல் அரிது. குரலற்றவன் அறிவற்றவன் அல்லன். அவன் காண்கின்றான், உணர்கின்றான், தன் கண்ணெதிரே தன் வாழ்வு உருகி வழிவதையும் அறிகின்றான். அறிந்ததைப் பிறர் அறியச் செய்யும் வழிதான் அவனுக்கு அடைபட்டுள்ளது.

இயற்கையால் பேச்சிழந்தோர்க்குச் சட்டம் ஒரு வழி கண்டுள்ளது. 1872-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம், பேச இயலாத சான்றாளர் எழுத்தாலோ கைக்குறிப்பாலோ மன்றத்தின்முன் தம் செய்தியைத் தெரிவிக்கலாம் என்றும், அவ்வாறு தெரிவித்தது வாய்மொழிச் சான்றாகவே கொள்ளப்படும் என்றும் கூறிற்று. 2013-இல் செய்யப்பட்ட திருத்தம், அத்தகையோர்க்குக் குறிப்புணர்ந்து பெயர்த்துரைப்பவரைத் துணையாக அமர்த்தவும், அவர் கூறுவதைக் காணொளியாகப் பதியவும் வழி செய்தது. 2023-இல் இயற்றப்பட்ட புதிய சான்றுச் சட்டமும் இந் நெறியைக் கைவிடவில்லை. கையசைவும் வாய்ச்சொல்லே என்று சட்டம் ஒப்புக்கொண்ட பின்னர், பிறவி ஊமைக்கும் மன்றத்தில் குரல் உண்டு என்றாகின்றது.

அங்ஙனமாயின் உண்மையில் ஊமை யார்? குரல் என்பது தொண்டையில் மட்டும் பிறப்பதன்று. அது நிலைபெற மூன்று வேண்டும். கேட்பவனுக்கு விளங்கும் சொல் வேண்டும். கேட்டே தீரவேண்டிய செவி வேண்டும். சொன்ன பின்னர்ச் சொன்னவனைத் தாங்கும் காப்பு வேண்டும். சொல், செவி, காப்பு ஆகிய இம் மூன்றனுள் ஒன்று குறைந்தாலும், எத்துணை உரக்கப் பேசுவோனும் ஊமையே. இயற்கை ஊமையைச் செய்தது சிறு தொகையில். மாந்தன் ஊமையைச் செய்தது பெருந்தொகையில். எளாவூரைச் சூழ்ந்து வாழும் நால்வகையினர் நிலையையும் இவ் வளவுகோல் கொண்டு அளத்தல் தகும்.

காப்பற்றதால் ஊமையானோர்

இருளர் இம் மண்ணின் பழங்குடியினர். பழவேற்காட்டு ஏரியின் சேற்று நீரில் வலையும் தூண்டிலும் இன்றிக் கையால் தடவியே இறால் பிடிக்க வல்லவர். பாம்பின் தடத்தைப் புழுதியில் படித்தறிய வல்லவர். அத் திறத்திற்காக அவர்தம் குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கு 2023-இல் நடுவணரசு தாமரைத்திரு விருது வழங்கிற்று. அதே குலத்தைச் சேர்ந்த குடும்பங்கள், இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அரிசி ஆலைகளினின்றும் செங்கற் சூளைகளினின்றும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டுள்ளன. ஒரு கை விருது வாங்கும்போது மற்றொரு கை மண் பிசைகின்றது.

கொத்தடிமை முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ இறப்புச் செலவிற்கோ சிறு தொகை ஒன்று முன்பணமாகக் கொடுக்கப்படும். அதற்கு ஈடு நிலமன்று, நகையன்று, குடும்பத்தின் உடல். கணவனும் மனைவியும் மக்களும் சேர்ந்து உழைப்பர். அறுத்த கல் எத்தனை, கழித்த கடன் எவ்வளவு என்னும் கணக்கு முதலாளியின் ஏட்டில் இருக்கும். எழுத்தறியாதவன் அக் கணக்கைப் படிக்க இயலாது. படிக்கத் தெரிந்தவனும் கேட்க இயலாது. ஆண்டு கழியும், கடன் கழியாது. வெளியே சென்று பிழைக்க முயன்றால் பிணையாக மனைவியோ பிள்ளையோ உள்ளே நிற்கவேண்டும். இருளர் தமிழ் பேசுவோர். அவர் பேசும் சொல் முதலாளிக்கு விளங்கும்; காவலர்க்கு விளங்கும்; வட்டாட்சியர்க்கும் விளங்கும். சொல் இருந்தும் அவர் ஊமை. சொன்ன இரவு எங்கே உறங்குவது என்பது அவர்க்குத் தெரியாமையே அதற்குக் கரணியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. கொத்தடிமைக் கடன்கள் அனைத்தையும் அது ஒழித்தது. அடிமைப்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. அச் சட்டத்தின் உயிர்நாடியாக ஒரு பிரிவு உள்ளது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அஃது அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்புக் கடன் கொடுத்தவனையே சாரும் என்கின்றது அதன் 15-ஆம் பிரிவு. ஏழையின் ஒரு சொல்லுக்குச் செல்வனின் ஏடு விடை சொல்லியாக வேண்டும். ஊமையர்க்குச் சட்டம் கொடுத்த மிகப் பெரிய குரல் அது. 1982-இல் உச்ச வழக்குமன்றம், குறைந்த அளவுக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை வல்லடி வேலையே என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், கொத்தடிமைகளுக்காக ஒரு விடுதலை அமைப்பு எழுதிய மடலையே வழக்காக ஏற்று, அம் மன்றம் மீண்டும் அவர் பக்கம் நின்றது.

இத்துணையும் இருந்தும் அடிமை முறை ஏன் மாளவில்லை? அச் சொல்லை முதலில் சொல்லவேண்டியவன் அடைபட்ட மதிலுக்குள் இருக்கின்றான் என்பதே விடை. வருவாய்க் கோட்ட அலுவலர் வந்து கேட்கும்போது, முதலாளியின் ஆள் பக்கத்தில் நின்றால், தொழிலாளி 'குறையொன்றும் இல்லை' என்றே கூறுவான். அவ் விடையை எழுதிக்கொண்டு திரும்புவது கேட்டதாகாது. மீட்கப்பட்டவர்க்கு விடுவிப்புச் சான்றிதழ் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு ஓர் இலக்கமும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு இலக்கமும் எனத் தொகை வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அம் முழுத் தொகையும், குற்றம் மன்றத்தில் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டது. உடனே கிடைப்பது முன்னுதவி மட்டும். ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கு முடியும் வரை அக் குடும்பம் எதை உண்டு வாழும்? பழைய சூளைக்கே திரும்பும். சொன்ன சொல்லும் அவிந்து போகும்.

தமிழ் ஆட்சிமொழியானால் தமிழன் வாய் தானாகத் திறந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இருளர் வாழ்வு ஒரு பாடம். மொழி வாய்க்கு வழி செய்யும். அச்சத்தை அது மட்டுமே நீக்கிவிடாது.

சொல்லற்றதால் ஊமையானோர்

2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளை ஒன்றினின்று, ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மேற்கு ஒடிசாவின் பலங்கீர், நுவாபாடா, கலாகண்டி போன்ற வறண்ட மாவட்டங்களினின்று, அறுவடை விழாவிற்குப் பின்னர், ஆள்பிடிக்கும் தரகர் வழியே இத்தகையோர் முன்பணம் பெற்றுக் குடும்பமாகப் புறப்படுகின்றனர். கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு வேலைக்கூறு என்பது தரகரின் கணக்கு. பிள்ளை அக் கணக்கில் ஆள். பள்ளிக் கணக்கில் இல்லை.

இங்கே வந்து சேர்ந்தவனுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. பேருந்துப் பலகை படிக்க இயலாது. அடித்தவன் பெயரைக்கூடக் காவல் நிலையத்தில் விளங்கச் சொல்ல இயலாது. இருளர்க்குக் காப்பில்லை, இவர்க்குக் காப்பும் இல்லை, சொல்லும் இல்லை. 1979-இல் இயற்றப்பட்ட மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் இதனை அன்றே உணர்ந்திருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் படத்துடன் கூடிய கணக்குச் சுவடி ஒன்று கொடுத்தல் வேண்டும்; இந்தியும் ஆங்கிலமும் அவன் மொழியல்லவாயின், அவன் மொழியிலும் அதனை எழுதுதல் வேண்டும் என்று அச் சட்டம் கூறிற்று. அச் சட்டம் தொழிலாளர் பற்றிய புதிய தொகுப்புச் சட்டத்துள் இப்போது அடங்கிவிட்டது. அது வாழ்ந்த நாற்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், ஒடியா எழுத்தில் எழுதிய கூலிச் சுவடியைக் கையில் வைத்திருந்த சூளைத் தொழிலாளர் எத்தனை பேர் என்று சூளைகளில் கேட்டுப் பார்த்தால், சட்டத்திற்கும் வாழ்விற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

இவ்விடத்தில் தமிழுணர்வாளர் பலர் நெஞ்சில் எழும் தடையை மறைக்கலாகாது. 'வெளி மாநிலத்தார் பெருகுகின்றனர். தமிழர் வேலை பறிபோகின்றது. அவர்க்காகத் தமிழகத்தில் ஒடியாப் பலகை வைப்பதா? அவர் தமிழ் கற்கட்டும்' என்பது அத் தடை. இங்கே வாழ வருவோர் தமிழ் கற்றல் வேண்டும் என்பது தக்கதே. அதற்குரிய வாய்ப்பை அளித்தலும் தமிழர் கடமையே. ஆனால் கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டத்துச் சூளை முதலாளி உள்ளூர்த் தமிழனை விட்டு அறுநூறு கல்லுக்கு அப்பாலிருந்து ஆள் கொண்டுவருவது ஏன் என்று முதலில் கேட்டல் வேண்டும். வந்தவன் வலியவன் என்பதற்காக அன்று. வந்தவன் ஊமை என்பதற்காக. அவன் கூலி கேட்க மாட்டான். கணக்குக் கேட்க மாட்டான். கூடிப் பேச மாட்டான். ஊமையின் விலை குறைவு. அக் குறைந்த விலையே தமிழனின் கூலியையும் கீழே இழுக்கின்றது. ஒடிசாத் தொழிலாளிக்கு வாய் வந்து, அவனும் சட்டக் கூலியைக் கேட்டு வாங்குவானாயின், அவனைத் தொலைவினின்று கொண்டுவரும் ஊதியம் முதலாளிக்கு இராது. அயலான் வாயைத் திறப்பது அயலானுக்குச் செய்யும் கொடை மட்டுமன்று. தமிழ்த் தொழிலாளிக்குக் கட்டும் அரண்.

இதனினும் ஆழ்ந்த கரணியம் ஒன்றுண்டு. வடக்கே தொடர்வண்டி நிலையத்திலும் நடுவணரசின் அலுவலகத்திலும் இந்தி தெரியாத தமிழன் நாணி நிற்கும்போது குமுறும் நெஞ்சம், இங்கே தமிழ் தெரியாத ஏழை ஒருவன் நாணி நிற்கும்போது வாளாவிருத்தல் முறையன்று. தாய்மொழியில் பேசும் உரிமை மாந்தன் ஒவ்வொருவனுக்கும் உண்டு என்பதனாலேயே அது தமிழனுக்கும் உண்டு. கணியன் பூங்குன்றனாரைப் பெற்ற இனம், ஆதிக்க மொழியை எதிர்ப்பதற்கும் ஏழையின் மொழியை மதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறியும்.

செவியற்றதால் ஊமையானோர்

கும்மிடிப்பூண்டி ஏதிலியர் குடியிருப்பில் வாழும் ஈழத் தமிழர்க்குச் சொல் உண்டு. அதுவும் தூய சொல். கல்வியும் பலர்க்கு உண்டு. ஆனால் கேட்டே தீரவேண்டிய செவி அவர்க்கு இல்லை. குடியரசில் ஆள்வோர் செவியைத் திருப்பும் கருவி ஒப்போலை. பொதுமக்கள் அதனை 'வாக்கு' என்கின்றனர். வாய்ச்சொல்லுக்கும் அதே பெயர். வாக்கில்லாதவன் சொல்லில்லாதவன் என்பதை வழக்குமொழியே உரைக்கின்றது.

இவ் வூமைத்தன்மை கடல் கடந்து வந்தபின் தொடங்கியதன்று. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று; அடுத்த ஆண்டு அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் ஓர் உடன்பாடு செய்தனர். ஏறத்தாழ 9,75,000 தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்பது உடன்பாடு. தேயிலை மூட்டைகளைப் பங்கிடுவோரும் அதனினும் கூர்ந்து எண்ணியிருப்பர். பங்கிடப்பட்ட அம் மாந்தருள் எவரையும் 'நீ எங்கே வாழ விரும்புகின்றாய்?' என்று எவரும் கேட்டிலர்.

1983 சூலைக்குப் பின்னும் 1990-க்குப் பின்னும் அலையலையாகத் தமிழகக் கரை சேர்ந்தோர் இன்றும் ஏதிலியரே. 1987 சூலை 1-க்குப் பின்னர் இங்கே பிறந்தவர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லாவிடின், பிறப்பால் குடியுரிமை இல்லை. தமிழகத்தில் பிறந்து, தமிழகப் பள்ளியில் படித்து, தமிழக மண்ணிலேயே பிள்ளை பெற்றவரும் அயலாரே. 1986-இல் மண்டபத்தில் பிறந்த பெண் ஒருவர், வழக்காடி உரிமை பெற்று, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். 1987 சூலை 1-க்குப் பின்னர்ப் பிறந்திருப்பின் அவரும் ஊமையே. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது, இலங்கையை அழைக்கவில்லை. 2025-இல் பிறப்பித்த ஆணை ஒன்று, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்த ஈழத் தமிழர்க்குக் கடவுச்சீட்டின்மை பற்றிய ஒறுப்பினின்று விலக்களித்தது. சிறையச்சம் நீங்கிற்று, நல்லதே. ஆனால் ஒறுக்கப்படாமை வேறு. உரிமை பெற்றிருத்தல் வேறு.

வாயிருந்தும் ஊமையானோர்

இனி நான்காமவர். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே ஆண்டில், கீழமை வழக்குமன்றங்களில் சான்றும் தீர்ப்பும் தமிழில் அமையத் தமிழக ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. விடுவிக்கப்பட்ட இருளன் ஒருவன் கீழ்மன்றத்தில் தமிழில் சான்று கூறலாம்; தன் வழக்கு நடப்பதைத் தன் செவியால் கேட்டறியலாம். அவ் வழக்கு மேல்முறையீடாகச் சென்னை உயர் வழக்குமன்றம் ஏறிய நொடியிலேயே, வழக்காட்டு முழுதும் ஆங்கிலமாகின்றது. தன் விடுதலை பற்றியே பேசுகின்றனரா, தன் கடன் பற்றியா என்பதும் அறியாமல் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பான். அங்கே அவன் மட்டுமன்று, தமிழாசிரியரும் தமிழ்ப் புலவருங்கூட ஊமையரே.

அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியை உயர் வழக்குமன்றத்தில் வழங்க இடம் தருகின்றது. அவ் விசைவின் வழியே இராசத்தானில் 1950-இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் இந்தி புகுந்தது. தமிழகச் சட்டமன்றம் 2006-இல் அதே இசைவைத் தமிழுக்குக் கேட்டது. கிடைக்கவில்லை. 2012-இல் உச்ச வழக்குமன்றத்தின் முழு அமர்வும் அதனை மறுத்தது. இந்திக்குத் திறந்த வாயில் தமிழுக்கு அடைபட்டிருப்பது எந் நயன்மை?

இங்கே நால்வகையினரும் ஒரே கயிற்றால் கட்டுண்டிருத்தல் காண்க. தமிழ்நாட்டின் உயர்ந்த மன்றத்தில் தமிழனே ஊமையாயிருக்கும் வரை, அவன் இருளனுக்கோ ஈழத்தவனுக்கோ எவ்வாறு வாயாக இயலும்? அடித்தட்டு ஊமையரை மறந்துவிட்டு உயர்மன்றத்தில் மட்டும் தமிழ் கேட்போனது கோரிக்கையும், கற்றோர் சிலரின் பெருமைக்கு மேல் என்னவாகும்?

மெய்க்கு உயிர் வேண்டும்

தமிழ் இலக்கணம் ஒலிகளைப் பற்றிக் கூறுவதில் இதற்கொரு விடை உண்டு. மெய்யெழுத்துத் தனித்து இயங்காது. உயிர் சேர்ந்தாலன்றி அதற்கு இயக்கம் இல்லை. உடலுக்கு மெய் என்றும், அதனை இயக்குவதற்கு உயிர் என்றும் பெயரிட்ட முன்னோர், எழுத்திற்கும் அவ்வாறே பெயரிட்டனர். வல்லின எழுத்துகளோ சொல் முதலில் அதிர்வற்று ஒலிப்பன. 'கண்' என்னும் சொல்லின் ககரம் தொண்டையதிர்வு இன்றியே பிறக்கின்றது. அதே ககரம் 'தங்கம்' என்னுமிடத்துத் தன் இனமாகிய ஙகரத்தை அடுத்து நிற்கும்போது அதிர்வு பெற்று ஒலிக்கின்றது. 'பட்டு' என்பதில் ஒலிப்பற்ற டகரம், 'பண்டு' என்பதில் ஒலிப்புப் பெறுகின்றது. எழுத்து மாறவில்லை, அண்டை மாறிற்று. தனித்து நிற்கையில் குரலற்றது, இனத்தோடு நிற்கையில் குரல் பெறுகின்றது.

மாந்தர்க்கும் அஃதே நெறி. ஊமைத்தன்மை பிறப்பில் வந்ததன்று, தனிமையில் வந்தது. இனம் அண்டையில் வந்து நின்றால் அது நீங்கும். அகப்பொருள் நூலில் 'வாயில்' என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. ஒருவர்க்காக மற்றொருவரிடம் சென்று பேசும் தோழி, பாணன் முதலியோர் வாயில்கள் எனப்பட்டனர். பொய்யுரைக்கும் வாயிலைத் தலைவி மறுத்துத் திருப்பியனுப்புவதும் உண்டு. ஆகவே பிறர்க்காகப் பேசுவோர் எல்லாரும் நல்ல வாயில் ஆகார். ஊமையரைக் காட்டித் தம் குரலை உயர்த்திக்கொள்வோர், கதவை அடைத்து முன்னே நிற்போர். அவர் தாமே பேசுதற்குரிய வழியைத் திறந்து விலகி நிற்போரே உண்மையான வாயில்.

செய்யவேண்டுவன இவை. எளாவூரிலும் கும்மிடிப்பூண்டியிலும், கொத்தடிமைக் கடன் செல்லாது என்னும் செய்தியும் முறையிடும் இடமும் தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கப்படல் வேண்டும். சூளைகளில் ஆய்வு செய்யும் வருவாய் அலுவலர், தொழிலாளியின் மொழி அறிந்தவரை உடன்கொண்டு, முதலாளியின் ஆள் இல்லாத இடத்தில் தனித்துக் கேட்டல் வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் கண்காணிப்புக் குழுவில் பட்டியலினத்தார், பழங்குடியினர் மூவர் இடம்பெறல் வேண்டும் என்பது விதி. அவ் விடங்களுள் ஒன்றில் அடிமைத்தளையினின்று மீண்ட இருளர் ஒருவர் அமர்தல் வேண்டும். மறுவாழ்வுத் தொகை வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் வழங்கப்படல் வேண்டும். ஈழத் தமிழர்க்கு நடுவணரசு குடியுரிமை வழங்குதல் வேண்டும். உயர் வழக்குமன்றத்தில் தமிழ் ஏறுதல் வேண்டும்.

இவை அரசு செய்யவேண்டுவன. தமிழ் இயக்கத்தார் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. ஊர்தோறும் திங்களுக்கு ஒரு நாள், எழுதத் தெரியாதவர்க்கு அமர்ந்து முறையீடு எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எளிய தமிழில் எழுதி, அவர்க்கே படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னர் அனுப்புதல் வேண்டும். மேடைத் தமிழ் வளர்ந்தது போதும். இனி மேசைத் தமிழ் வளரட்டும். உள்ளத்தின் உண்மையும் உடம்பின் மெய்ம்மையும் வாயின் வாய்மையும் சேர்ந்தாலன்றி அறம் முழுமை பெறாது என்று மூன்று சொல்லால் வகுத்த மொழி தமிழ். வாயடைபட்ட நாட்டில் வாய்மை எங்ஙனம் வாழும்?

பாறைமேல் வைத்த வெண்ணெய் இன்றும் உருகுகின்றது. காவலிருப்பவன் கண்ணால் காண்கின்றான். அவனுக்குக் கையும் வாயும் இல்லை என்பது பழைய செய்தி. கையும் வாயும் உடையோர் அவ் வழியே நாள்தோறும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் கடந்து செல்கின்றனர் என்பதே எளாவூர் சொல்லும் புதிய செய்தி. கடந்து செல்வோர் ஒரு நாழிகை இறங்கி நிற்பாராயின், வட வாயில் உண்மையிலேயே வாயில் ஆகும்.